இரண்டு கல் சுமந்த தோள்



உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் மாளிகைமேடு இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து வெளிக்கொணர்ந்த அரண்மனையின் அடிச்சுவர்கள் சுட்ட செங்கற்களால் ஆனவை. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அவற்றின் வரிசை கலையவில்லை. மன்னனின் வெற்றிகளை மெய்க்கீர்த்திகள் விரிவாகச் சொல்கின்றன. அந்தச் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மனிதர் யார், அவர் எந்த ஊரார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

அதே ஊரில் இன்னொரு செய்தியும் உண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, அக்கோயிலின் கருங்கல் மதிலும் பிற கட்டடப் பகுதிகளும் பெயர்க்கப்பட்டு அணைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஊர் மக்கள் தடுக்க முயன்றனர், அதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பெயர்த்த கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் ஒன்று கட்டித் தரப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கும் நிறைவேற்றப்படவில்லை என்பதைப் பழைய மாவட்டப் பதிவுகளே ஒப்புக்கொள்கின்றன. எவர் உழைப்பால் எழுந்தது, எவர் ஆணையால் இடிந்தது என்ற இரண்டில், வரலாறு ஆணையிட்டவரையே பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது.

இக்கட்டுரையில் நாம் நினைவுகூர விரும்புவது ஆணையிட்டவரை அல்ல. கரணை பிடித்த கையால் துப்பாக்கியும் பிடித்து, மீண்டும் ஊர் திரும்பிக் கரணையை எடுத்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மையவாடியில் அடங்கிய தந்தையை. நம் குடும்பங்கள் பலவற்றில் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். அவரைப் பற்றி நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே நம் கேள்வி.

கொத்தனாருக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். தொடர்பு மிக நெருக்கமானது. 1780-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னாளில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படைப்பிரிவு மெட்ராஸ் சாப்பர்ஸ். இன்று அது மெட்ராஸ் பொறியியல் படைப்பிரிவு என வழங்கப்படுகிறது. பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், அரண் கட்டுதல், பதுங்குகுழி தோண்டுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அதன் பணிகள். ஆகவே அது தச்சர், கொல்லர், கொத்தனார் போன்ற கைத்தொழில் அறிந்தவர்களை நாடியது. தமிழ் மாவட்டங்களிலிருந்து இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் எனப் பலரும் அதில் சேர்ந்தனர். அப்படையினரைத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர்மை பார்க்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருந்தது. மாதம் தவறாத ஊதியமும் இருந்தது. வானம் பொய்த்தால் வயிறு காயும் மேட்டு நிலச் சீமையில் அந்த ஊதியத்தின் பெறுமதி என்னவென்பதை நாம் எளிதில் உணரலாம்.

முதல் உலகப் போர் அவர்களைக் கடல் கடந்து கொண்டுசென்றது. அப்போரில் இந்தியாவிலிருந்து 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 74,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும் பகுதியினர் சென்ற இடம் மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். 1917 பிப்ரவரி 23 அன்று, குத் நகருக்கு அருகே ஷும்ரான் வளைவில் தஜ்லா ஆற்றைக் கடந்த படையில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தனர். எதிர்க்கரையிலிருந்து குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்க, அவர்கள் படகு வலித்துக் காலாட்படையை அக்கரை சேர்த்தனர். அன்று மாலைக்குள் ஆற்றின்மேல் மிதவைப் பாலமும் அமைந்துவிட்டது. அடுத்த மாதம் 11-ஆம் நாள் பக்தாத் பிரிட்டிஷார் வசமாயிற்று.

இங்கே ஒரு வேதனையை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்க்கரையில் நின்றது உஸ்மானியப் படை. அதன் சுல்தானே அன்றைய முஸ்லிம் உலகம் கலீஃபாவாகக் கருதியவர். 1914 நவம்பரில் அவர் பெயரால் புனிதப் போர் அறிவிப்பு வெளியாயிற்று. புனிதத் தலங்களுக்குத் தீங்கு நேராது என்று பிரிட்டிஷ் அரசு அறிவிப்புச் செய்து முஸ்லிம்களை அமைதிப்படுத்த முயன்றது. சிப்பாய்களின் உள்ளம் எளிதில் அமைதி அடையவில்லை. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் நிறைந்த படைப்பிரிவு ஒன்று கலகம் செய்தது. துருக்கியருக்கு எதிராகத் தங்களை அனுப்பப்போகிறார்கள் என்ற அச்சம் அதன் காரணங்களுள் ஒன்று. 47 பேர் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஊதியத்திற்காகப் படையில் சேர்ந்து, தொழுகையில் எந்தக் கிப்லாவை நோக்கி நின்றாரோ அதே கிப்லாவை நோக்கி நிற்பவரின் எதிரே ஆயுதத்துடன் நிறுத்தப்பட்ட மனிதரின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும்? அவரை வீரர் என்று போற்றிவிட்டு நகர்வதும், அந்நியனுக்கு ஊழியம் செய்தவர் என்று தூற்றிவிட்டு நகர்வதும் நமக்கு எளிது. இரண்டுமே அவரைப் பற்றி அறிந்துகொள்ளும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. அவருடைய நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. வீட்டில் பசித்திருந்த பிள்ளைகளை நினைத்துச் சென்றவருக்குத் தீர்ப்பு எழுதும் இடத்தில் நாம் இல்லை.

அப்போரில் இறந்தவர்களை அவ்வரசு எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதைப் பாருங்கள். பஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. அதன் கல்வெட்டுகளில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டுமே கிடைத்தன. 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு தன் அறிக்கையில் இவ்வநீதியை ஏற்றுக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. பிரிட்டிஷ் அரசும் அதன்பின் மன்னிப்புக் கேட்டது. நம் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அப்போரை நினைவுகூரும் சிறு கல்வெட்டுகள் உள்ளன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பதே அவற்றின் வாசகம். எண் உண்டு, பெயர் இல்லை.

ஆயினும் அதே இராக் மண் நம் நினைவுக்கு வேறொரு மனிதரையும் கொண்டுவருகிறது. ஷும்ரானில் பாலம் அமைந்ததற்கு ஏறத்தாழ 1,275 ஆண்டுகளுக்கு முன்பு, அந்நாட்டின் கூஃபா நகருக்கு ஆளுநராக இருந்தவர் அம்மார் இப்னு யாசிர் (ரழி). அவர் கல் சுமந்தவர்; போர்கள் பல கண்டவர்; ஒரு தந்தை.

அம்மாரின் தந்தை யாசிர் (ரழி) யமனிலிருந்து மக்காவுக்கு வந்து குடியேறியவர். தாய் சுமைய்யா (ரழி) அடிமைப் பெண்ணாக இருந்தவர். குலப் பாதுகாப்பு இல்லாத அக்குடும்பம் இஸ்லாத்தை ஏற்றதும் குறைஷிகளின் கொடுமை முழுவதும் அவர்கள்மீது இறங்கியது. சுமைய்யா அபூஜஹ்லின் கையால் கொல்லப்பட்டு இஸ்லாத்தின் முதல் ஷஹீத் ஆனார். யாசிரும் சித்திரவதையில் மாண்டார். அவர்கள் வதைக்கப்பட்ட இடத்தைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், பொறுமை காக்குமாறு கூறி, அக்குடும்பத்திற்குச் சுவனத்தை வாக்களித்தார்கள். வேதனை தாங்காமல் அம்மாரின் நாவு எதிரிகள் கேட்ட சொல்லைச் சொல்லிவிட்டது. அழுதுகொண்டு நபியவர்களிடம் வந்தார். உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்க, நிர்ப்பந்தத்தால் சொன்னவர் மீது குற்றமில்லை என்னும் கருத்துடைய வசனம் அந்நஹ்ல் அத்தியாயத்தில் அருளப்பட்டது அவருக்காகவே என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். நிர்ப்பந்தத்தின் கீழ் நின்ற மனிதரை அல்லாஹ் எவ்வாறு நோக்குகிறான் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டியதில்லை. மேலே நாம் சொன்ன சிப்பாயைப் பற்றித் தீர்ப்பு எழுதத் துடிப்பவர்களும் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

கி.பி. 622-இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி கட்டும் பணி தொடங்கியது. சுவருக்கு வெயிலில் உலர்த்திய பச்சைக்கல், தூணுக்கு ஈச்சமரம், கூரைக்கு ஈச்ச மட்டை. நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். தோழர்கள் ஆளுக்கு ஒரு கல்லாகச் சுமந்து வர, அம்மார் மட்டும் இரண்டிரண்டாகச் சுமந்தார். அதைக் கண்ட நபியவர்கள் அவர்மேல் படிந்த மண்ணைத் தங்கள் திருக்கரத்தால் தட்டிவிட்டார்கள். அநீதி இழைக்கும் கூட்டம் ஒன்று அவரைக் கொல்லும் என்பதையும் அப்போதே வருத்தத்துடன் அறிவித்தார்கள்.

சித்தாள் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் பொருள் உடனே விளங்கும். தலையில் சும்மாடு, தோளில் புழுதி, கண்ணிமையில் மண். கட்டட வேலை செய்பவரின் மேல் படிந்த மண்ணைத் தட்டிவிட எவரும் அருகில் வருவதில்லை, விலகித்தான் நடப்பார்கள். அந்த மண்ணைத் தட்டிவிட்ட கை இறைத்தூதரின் கை.

இந்நிகழ்ச்சி நம்மை வந்தடைந்த வழியையும் கவனியுங்கள். நம் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் உள்ள அறிவிப்பின்படி, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தம் மகன் அலீயையும் தம் மாணவர் இக்ரிமாவையும் அழைத்து, அபூஸயீத் அல்குத்ரீ (ரழி) அவர்களிடம் சென்று அவர் சொல்வதைக் கேட்டு வருமாறு அனுப்பினார். இருவரும் சென்றபோது அபூஸயீத் தம் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். இளைஞர்களைக் கண்டதும் மேலாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டு அமர்ந்து பேசத் தொடங்கினார். பேச்சு பள்ளிவாசல் கட்டிய நாளுக்கு வந்தது. நாங்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமந்தோம், அம்மார் இரண்டிரண்டாகச் சுமந்தார் என்பதை அப்போதுதான் அவர் சொன்னார். அபூஸயீதும் சாதாரணமானவர் அல்லர். உஹுதுக்குச் செல்ல வயது போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தக் களத்திலேயே தந்தையை இழந்தவர்.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களோ குர்ஆன் விளக்கத்தில் பெருங்கடல் எனப் போற்றப்பட்டவர். அப்படிப்பட்டவர், தம் மகனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு முதியவரிடம் அனுப்பிக் கேட்கச் செய்தார். மகன் சென்றார், முதியவர் பேசினார், இக்ரிமா நினைவில் வைத்துச் சொன்னார். அதனால் அந்த இரண்டு கல் இன்றும் எண்ணிக்கை மாறாமல் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் அன்று செல்லாதிருந்தால்?

அம்மாரின் எஞ்சிய வாழ்வும் உழைப்பும் களமுமாகவே கழிந்தது. பத்ரிலும் உஹுதிலும் அகழ்ப் போரிலும் நபியவர்களுடன் நின்றார். யமாமா போரில் ஒரு காதை இழந்தார். பின்னொரு நாள் அக்குறையைச் சொல்லி ஒருவர் ஏசியபோது, என் காதுகளில் சிறந்ததையல்லவா நீர் ஏசிவிட்டீர் என்னும் பொருள்பட மறுமொழி கூறினார். உமர் (ரழி) அவர்கள் அவரைக் கூஃபாவின் ஆளுநராகவும், இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களை ஆசிரியராகவும் அனுப்பினார்கள். ஆளுநரான அம்மார் சந்தையில் தாமே தீவனக் கட்டு வாங்கி, அதைத் தம் முதுகிலேயே சுமந்து சென்றதைக் கண்டவர்கள் பதிவு செய்துள்ளனர். சுமந்து பழகிய தோளுக்குப் பதவி வந்த பிறகும் சுமை பாரமாகத் தெரியவில்லை. ஹிஜ்ரி 37-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், ஸிஃப்பீன் களத்தில் அவர் ஷஹீதானார்.

அவர் ஒரு தந்தையும் ஆவார். அவருடைய மகன் முஹம்மத் இப்னு அம்மார் தந்தையிடமிருந்து ஹதீஸ் அறிவித்தவர். பேரர் அபூஉபைதாவும் அறிவிப்பாளர்களின் வரிசையில் இடம்பெற்றவர். மகனின் பெயருக்குப் பின்னும் பேரனின் பெயருக்குப் பின்னும் அம்மார் என்ற பெயர் தொடர்ந்து வருகிறது. அடிமைத் தாயின் மகனாகப் பிறந்து, மக்காவில் தமக்கென ஒரு குலம் இல்லாதிருந்தவரின் பெயர், பிள்ளைகளின் நாவு வழியே அறிவின் சங்கிலியில் ஒரு கண்ணியாயிற்று.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 25 இலட்சம் பேர் படையில் இருந்தனர். அப்போரில் மெட்ராஸ் சாப்பர்களைச் சேர்ந்த தமிழரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் தம் தோழர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தி உயிர் நீத்தார். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது. விருது பெற்றதால் அவர் பெயர் ஏட்டில் நின்றது. விருது எதுவும் பெறாமல், உயிருடன் ஊர் திரும்பியவர்களின் கதை என்ன? அரசின் நினைவுக் கற்கள் பெரும்பாலும் இறந்தவர்களுக்கே. திரும்பி வந்தவரை நினைவில் வைக்கும் பொறுப்பு குடும்பத்திற்கே உரியது.

அத்தகைய அத்தாமார்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. கேட்டால், அதெல்லாம் எதற்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஃபஜ்ருத் தொழுதுவிட்டுக் கரணையும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்வார்கள். அஸருக்குள் கை கால் கழுவினாலும் நகக்கண்ணில் சாந்து போகாது. அவர்கள் கட்டிய வீடுகளில் வேறு எவரோ குடியிருப்பர். அவர்கள் கட்டிய பள்ளிவாசல் சுவருக்கு அருகே நாம் இன்றும் ஸஃபில் நிற்கிறோம். மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் செயல்கள் மூன்று என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை. கூலி குறைத்து வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனாருக்கு முதலாவது இன்ஷா அல்லாஹ் கிடைத்திருக்கும். தன் தொழிலைச் சித்தாளுக்குக் கற்றுத் தந்திருந்தால் இரண்டாவதும் கிடைத்திருக்கக்கூடும். மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது தகரப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எறிந்துவிடாதீர்கள். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழ், ஓய்வூதியத் தாள், ஒரு பதக்கம், மங்கிய நிழற்படம் என ஏதேனும் அதில் இருக்கலாம். அந்தத் தாளில் படை எண்ணும் பிரிவும் இருந்தால், அதைக் கொண்டு மேலும் தேட வழி உண்டு. போரில் இறந்தவராயின் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடலாம். ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகளில் மணமகனின் பெயரோடு தந்தையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அவை கரையானுக்கு இரையாகுமுன் படமெடுத்து வைப்பது ஜமாஅத்தார் செய்யக்கூடிய எளிய பணி. அனைத்திற்கும் மேலாக, உயிரோடு இருப்பவர்களிடம் சென்று அமர்ந்து கேளுங்கள். 1971 போரின்போது இருபது வயதாயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். உடையார்பாளையத்திலோ லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ அப்படி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தால், விடுமுறையில் வந்த பேரப்பிள்ளையை அவரிடம் அனுப்பி வையுங்கள். முதல் நாள் அவர் பேசாமல் போகலாம். மறுநாளும் அனுப்புங்கள்.

மாளிகைமேட்டில் செங்கல் அடுக்கியவரின் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. பஸ்ராவின் கல்லில் வெறும் எண்ணாகிப்போனவர்களில் பலருடைய நிலையும் அதுவே. ஆனால் நம் அத்தாவின் பெயர் நமக்குத் தெரியும். அவர் எத்தனை கல் சுமந்தார் என்பதைக் கேட்டு எழுதிவைக்க நமக்கு இன்னும் சிறிது அவகாசம் இருக்கிறது.

யா அல்லாஹ்! உழைத்துக் களைத்த தோள்களோடு உன்னிடம் வந்து சேர்ந்த எங்கள் தந்தையரின் பிழைகளை மன்னித்து, அவர்களின் கபுறுகளை ஒளிமயமாக்கி, அவர்களுக்காகக் கையேந்தும் பிள்ளைகளாக எங்களை ஆக்கி அருள்வாயாக. ஆமீன்.